மூடிக்குள் கீறிய தேதி

வாட்ச் ரிப்பேர் குழந்தைவேலைக் கண்டாலே எனக்குக் குமட்டும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் முப்பது வருஷமாக மேசை போட்டிருந்தவர். பழைய கைக்கடிகாரம் வாங்க நினைப்பவர்கள் அவர் அசல் என்று சொன்னால்தான் பணத்தை எடுப்பார்கள். ஆனால் ஓயாத மூக்குப்பொடி. விரலில் பொடி, துண்டில் பொடி, அதே துண்டால் கடிகாரத்தையும் துடைப்பார்.

2001-இல் அவர் லப்பைக்குடிக்காட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், பக்கவாதத்தில் பேச்சிழந்த கவுஸ் பாயை அங்கே அவர் வீட்டில் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் ஷரீபா மலம் அள்ளுவது வரை என்னோடு செய்வாள். மகன் ஆசிப் குவைத்திலிருந்து லீவில் வந்ததும் அத்தா கவுஸ் பாயின் ஸ்விஸ் கடிகாரத்தை விற்க விலை பேசினான். திருச்சிக்காரர் ஒருவர் டயலைப் பார்த்துவிட்டு டூப்ளிகேட் என்று திருப்பித் தந்துவிட்டார். உடனே ஷரீபா அசலை விற்றுப் போலியை வைத்துவிட்டாள் என்று ஆசிப் தெருவெல்லாம் சொன்னான். அவள்தான் குழந்தைவேலுக்கு ஆள் அனுப்பினாள்.

"அசல்னா நீங்களே வாங்கிக்கங்க" என்றான் ஆசிப்.

நான் சோப்பை நீட்டினேன். "மொதல்ல கையக் கழுவுங்க. நோயாளி இருக்குற ரூம்."

"வாட்ச்சுக்குப் பிரசவமா பாக்கப் போறேன், நர்ஸம்மா?" என்றவர், கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பின்மூடியைத் திறந்தார். விளிம்பெல்லாம் வேர்வையும் செத்த தோலும் கறுத்துப் பிசினாக ஒட்டியிருந்தன. ஆசிப் மூக்கைப் பொத்திக்கொண்டான். அது அவன் அத்தாவின் அழுக்கு.

குழந்தைவேல் கண்ணில் லென்ஸை மாட்டினார். "மெஷின் அசல். கூடும் அசல். டயல் மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சது. எழுத்து தடிச்சிருக்கு பாருங்க."

"அப்ப இவ வேலதான்."

"இருங்க தம்பி." மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். கடிகாரத்தைப் பிரிக்கிறவர்கள் அங்கே ஊசியால் தேதி கீறி வைப்பது வழக்கமாம். "எண்பத்து நாலு, இது நான். தொண்ணூத்தொண்ணு, இதுவும் நான். கடைசியா வேற ஒருத்தன் கீறியிருக்கான். இருபது, பன்னெண்டு, தொண்ணூத்தொம்போது."

ஷரீபா நிமிர்ந்தாள். "அது நோன்பு மாசம். அண்ணன் லீவுல வந்திருந்துச்சு. மாமனார் வூட்டு விருந்துக்குக் கட்டணும்னு அத்தா கையிலேருந்து கழட்டிட்டுப் போச்சு. பெருநாளைக்குப் பளபளன்னு திரும்பி வந்துச்சு. தொடச்சதுன்னு நெனச்சேன்."

ஆசிப் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "புதுசு மாதிரி ஆக்கச் சொன்னேன். அதுக்குப் போய் அந்தத் திருச்சிக்காரன் டூப்ளிகேட்டும்பானா?" பிறகு, தங்கையின் பக்கம் திரும்பாமலே, "சரி, இப்ப என்ன தருவீங்க?" என்றான்.

புண்ணும் சீழும் நாற்பது வருஷம் துடைத்தவள் நான். அந்தக் கேள்வியைவிட அழுக்கான எதையும் நான் பார்த்ததில்லை.

குழந்தைவேல் மூடியை அழுத்தி மூடினார். "பாய் இன்னும் இருக்காரு. அவரு பொருள அவருதான் விக்கணும்."

கட்டிலைப் பார்த்தோம். கவுஸ் பாய் விளங்குகிற கையை நீட்டிக்கொண்டிருந்தார், மணிக்கட்டை மேலே திருப்பி.

குழந்தைவேல் கடிகாரத்தைத் துண்டால் துடைக்கப் போனார். நான் பிடுங்கி, பின்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஷரீபாவிடம் கொடுத்தேன்.

"ஒரு ஓட்டை தள்ளிக் கட்டு. இறுக்கினா புண்ணாயிடும்."