பூசணிக்காயில் ஒரு கடல்

என் சிநேகிதர் பாளையங்கோட்டை சர்வே ஆபீஸில் வயல்களை அளந்து வரைபடம் எழுதுகிறவர். ஒல்லியான ஆள். காதில் எப்போதும் ஒரு நூலைச் சுற்றியிருப்பார். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அந்த நூலை இழுத்துப் பிடித்து அளந்துவிடுவார்.

கொற்கைக்குக் கிழக்கே ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது. அதன் உடம்பில் புதைந்திருந்த ஈட்டியில் ஆப்பிரிக்காவின் தென்முனைத் துறைமுகம் ஒன்றின் பெயர் இருந்ததாம். அது எவ்வளவு தூரம் நீந்தி வந்தது என்று கணக்குப் போட, மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பூமி உருண்டைல்லா வே. தட்டைப் படத்துல அளந்தா கணக்கு தப்பும். அந்தப் பூசணிக்காயைத் தாரும்."

சாம்பாருக்கு வைத்திருந்த காய். அதில் மசியால் தேசங்களை வரைந்து, அந்தத் துறைமுகத்திலிருந்து நம் கரைவரை நூலை விறைப்பாக இழுத்தார்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, நூலு நெலத்து மேல போகுதே. திமிங்கிலம் நடந்தா வந்துச்சு?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வயக்காட்டுல அளக்குற சங்கிலியை நேரா இழுத்தே பழகிட்டேன், தாயி."

நூலைக் கடல் வழியே பைய வளைத்தார். காயின் சுற்றளவைப் பூமியின் சுற்றளவுக்கு ஈடாக்கிக் கணக்குப் போட்டார். "ஐயாயிரம் மைலுக்குக் கொறையாது வே."

தோலைச் சீவியபோது ஆப்பிரிக்கா முறத்தில் விழுந்தது. சாம்பாரை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அவர் அளந்த வயலுக்கெல்லாம் கணக்கைக் கேட்டு வர ஆள் உண்டு. இந்தத் தூரத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் எந்த வயலையும் அவர் அவ்வளவு சந்தோஷமாக அளந்து நான் பார்த்ததில்லை.