பலூனுக்குள் ஒரு நட்டு

மாதையன் போய்விட்டார். நேற்று காலை... ஹார்ட் அட்டாக்.

வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்ததும் நான் நம்பவில்லை. பழைய ஆட்கள் இரண்டு பேருக்குத் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டேன். பிறகுதான் சட்டையை மாட்டினேன். சரிபார்க்காமல் எதையும் ஏற்க எனக்கு வராது.

ஓசூரில் ஒரு கியர்பாக்ஸ் கம்பெனி. ஓடும் கியர்பாக்ஸ் மேல் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பேன். சத்தம் சரியில்லை என்றால் ரிஜக்ட். அதுதான் என் வேலை. மாதையன் அசெம்பிளி லைன்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள். மிஷின்களில் கட்டிய பலூன்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

மாதையன் புதுப் பலூன் ஒன்றில் நட்டைப் போட்டு ஊதி, முடிச்சுப் போட்டு, என் முதுகுக்குப் பின்னால் நின்று சுழற்றியிருக்கிறார். நட்டின் மூலைகள் ரப்பரில் உருண்டு கீச்சென்று அலறுமாம். பேரிங் போன சத்தமேதான் என்றார்கள்.

என்றார்கள்... எனக்குக் கேட்கவில்லை. எதிரே இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துத்தான் திரும்பினேன்.

"என்ன சார், தூக்கிவாரிப் போட்டுதா?"

"ஆமாம்ப்பா" என்று நானும் சிரித்துவைத்தேன். அவர் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். இவருக்குத் தெரிந்துவிட்டதோ? சூப்பர்வைசரிடம் சொன்னால் என் வேலை அவ்வளவுதான். ரிட்டயர்மெண்ட் வேறு பக்கத்தில். மாதையன் ஆபீஸ் ரூம் பக்கம் போனாலே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு டீ டைமில் என் டேபிள் பக்கம் வர ஆரம்பித்தார். "சார், இத இன்னொரு வாட்டி பாருங்க" என்று ஒரு கியர்பாக்ஸைக் காட்டுவார். அதிர்வை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். என்னைப் பிடிக்க இவரே மோசமான பீஸைக் கலந்து வைக்கிறாரோ?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏன்பா என் டேபிளையே சுத்தற? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரணுமா?"

"அய்யய்யோ! காதுல ஸ்க்ரூ டிரைவர வெச்சுக்கிட்டு நின்னா நான் அப்படியே தூங்கிடுவேன் சார். ஆள விடுங்க."

பதில் சொன்னாரா, நழுவினாரா... புரியவில்லை. நான் ரிட்டயர் ஆகும்வரை யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ஜூஜுவாடியில் அவர் வீட்டுக்குப் போனேன். மதியம் உடலைச் சொந்த ஊர் கல்லாவிக்கு எடுத்துப் போவதாக இருந்தது. அவர் மனைவி என்னை முன்பின் பார்த்ததில்லை. வந்தவர்களிடமெல்லாம் உதடு அசைவதே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். என் பேரைச் சொன்னேன்.

எழுந்து வந்தார். என் காதருகே குனிந்து, சத்தமாக... "வாங்க சார்! வந்தீங்களே, அதுவே போதும் சார்!"

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் காதைப் பற்றி வெளியாட்கள் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. இங்கே எழுதுவதுதான் முதல் தடவை.

நல்லபடியா போ, மாதையா.