பதினேழாம் பிளாக்கின் நைட் ஷிப்ட் மாப்பிள்ளை

அறிவழகனின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காணாமல் போனது. அலுவலகக் கூட்டத்தில் தன் முறை வந்ததும் மைக்கைத் திறந்து "குட் மார்னிங்" என்றான். வெளியே வந்ததோ எண்ணெய் காணாத கதவின் சத்தம். திரையில் இருந்த பதினொரு பேரும் தங்கள் ஹெட்போனில்தான் கோளாறு என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தார்கள்.

அவனுக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை. முந்தின நாள் இரவு மனைவியிடம் "ரசம் போதும்" என்று சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு வாயைத் திறக்க வேலையே வரவில்லை.

மனைவி அகிலா சுரங்கத்தில் இளநிலைப் பொறியாளர். ஏழு மாதம் காத்திருந்து அவளுக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சென்னை மென்பொருள் நிறுவனத்தில் இருந்த அறிவழகன், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு மடிக்கணினியோடும் நாற்பது கனவுகளோடும் பின்னால் வந்து சேர்ந்தான். நான்கு மாதத்தில் கனவுகள் தேய்ந்தன, தொப்பை வளர்ந்தது. கட்டிலிலிருந்து மேசைக்கு நான்கு அடி, மேசையிலிருந்து சமையலறைக்கு ஒன்பது அடி. அதுதான் அவன் நடை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. அதுதான் அவன் உடை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டான். அக்கம்பக்கம்தான் அவனை அரித்தது. அந்த வரிசையில் யாரும் அவனிடம் பேசுவதில்லை. ஒலிபெருக்கியில் கத்தரிக்காயைக் கூவிக்கொண்டு வரும் காய்கறி வண்டி, அவன் வாசலுக்குப் பத்தடி முன்னால் வாயை மூடும்; பத்தடி தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எதிரே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் அவுட் என்பதைக் கையை ஆட்டிச் சொல்வார்கள். மறுப்பவனும் கையை ஆட்டித்தான் மறுப்பான். சிலிண்டர் கொண்டுவந்தவர் அதைக் கைக்குழந்தையைப் போல் இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

நம் முகத்தில் என்ன இருக்கிறது என்று அறிவழகன் கண்ணாடி பார்த்தான். வந்த அன்று யாருக்காவது வணக்கம் சொல்லாமல் விட்டோமா? குப்பையை வேறு யார் வாசலிலாவது போட்டோமா? யோசித்ததில் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை மதியமே டீம் லீட் ஹரிணி அழைத்தாள். அவனைவிட மூன்று வயது சின்னவள்.

"அறிவு, நீங்க இருக்கீங்களா இல்லையான்னே டீம்ல யாருக்கும் தெரியல. வெள்ளிக்கிழமை கிளையன்ட் டெமோ நீங்கதான் பண்றீங்க. அதுலயும் வாயத் திறக்கலன்னா, சாரி, திங்கக்கிழமைலேர்ந்து சென்னை ஆபீஸ்தான்."

சென்னை என்றால் மேன்ஷன் அறை. அகிலாவை வாரக் கடைசியில் பார்ப்பது. அதுவும் பஸ் கிடைத்தால். இரவு அவளிடம் சொன்னான். அவள் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுவிட்டு, "அப்ப பேசிப் பழகுங்க. செவுருகிட்டயாவது பேசுங்க" என்றாள்.

புதனன்று சுவரிடம் பேசினான். சுவர் நன்றாகக் கேட்டது. வியாழன் மதியம் கொஞ்சம் துணிச்சல் வந்து, மடிக்கணினியில் வெயில் அடிக்காமல் இருக்க எப்போதும் போல் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஆங்கிலத்தில் டெமோவை ஆரம்பித்தான். மூன்றாவது நிமிடம் ஜன்னலுக்கு வெளியே குசுகுசுப்பு கேட்டது.

"அய்யோ, தூக்கத்துல பேசுறாருடி!"

"இங்கிலீஷ்லயா?"

"அமெரிக்கா கம்பெனி இல்ல? கனவும் இங்கிலீஷ்லதான் வரும்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. தூக்கத்துல பேசுறவன திடீர்னு எழுப்பக் கூடாது. எங்க ஷிப்ட்ல ஒருத்தன அப்பிடி எழுப்பி, அவன் என்னைய மாமியார்னு நெனச்சிக்கினு கும்பிட்டான்."

அறிவழகன் திரையைச் சட்டென்று விலக்கினான். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மூன்று முகங்கள்: பக்கத்து வீட்டு செல்லக்கிளி, சுரங்கத்தில் பக்கெட் வீல் என்னும் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டும் அவள் கணவர் கலியன், எதிர்வீட்டு சாமியம்மாள். மூவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள்.

"முழிச்சுட்டாரு" என்றாள் சாமியம்மாள்.

"நான் தூங்கவே இல்லைங்க" என்றான் அறிவழகன்.

"அதான பாத்தேன்" என்றாள் செல்லக்கிளி. "நாலு மாசமா நைட் ஷிப்ட் போட்டா எவனுக்குத் தம்பி தூக்கம் வரும்? காண்ட்ராக்ட் ஆளுக்கே ஒரு வாரத்துல மாத்தி வுடுறாங்க. ஒங்க கம்பெனில கேக்க யூனியன் இல்லியா?"

"நைட் ஷிப்டா? யாருக்கு?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குடிவந்த அன்று அகிலாவிடம் செல்லக்கிளி விசாரித்திருக்கிறாள். அமெரிக்க கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறார் என்று அகிலா சொல்லியிருக்கிறாள். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. அதோடு நாள் முழுக்க மூடிய ஜன்னல் திரை. சாயங்காலம் கொடியில் துணி எடுக்க வரும்போது சிவந்த கண்ணும் எட்டு நாள் தாடியும். இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா? நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவன் வீட்டுப் பக்கம் டவுன்ஷிப்பில் யாரும் மிளகாய்கூட இடிக்க மாட்டார்கள். அந்த மரியாதையைத்தான் பிளாக் மொத்தமும் அவனுக்குச் செய்திருக்கிறது.

"எம் மிக்ஸியக் கொல்லப்பக்கம் எடுத்தும்போயி சட்னி அரைக்கிறேன் தம்பி, நாலு மாசமா" என்றாள் சாமியம்மாள்.

அறிவழகனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் ஜெனரல் ஷிப்ட்டுங்க! ஒன்பதரைலேர்ந்து ஆறரை!"

"பகல்லியா வேலை?" கலியன் உள்ளே எட்டிப் பார்த்தார். "லுங்கியிலியா?"

மறுநாள் டெமோ இருப்பதை அவன் சொன்னதும் மூன்று பேரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாளைக்கு என்ன பேசப் போகிறாய், எங்களிடம் சொல்லு என்றார்கள். ஸ்டோர்ஸில் எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் அது. ஆங்கிலத்தில் தொடங்கினான், செல்லக்கிளி கொட்டாவி விட்டாள். தமிழுக்கு மாறினான், கேள்விகள் கிளம்பின.

"இருக்குன்னு அதுல காட்டும், போயிப் பாத்தா இருக்காது. அதுக்கு என்னா பதிலு?" என்றார் கலியன், ஒரு பேரிங்குக்காக இரண்டு ஷிப்ட் காத்திருந்த கடுப்போடு.

"எங்கூட்டு பருப்பு டப்பா தீரும்போது சொல்லுமா?" என்றாள் செல்லக்கிளி.

"பக்கத்தூட்டுக்காரி கடன் வாங்கினு போனா அதுல ஏறுமா?" இது சாமியம்மாள், செல்லக்கிளியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

"ஏன்டி, ஒரு டம்ளரு சக்கரைக்கு அமெரிக்கா வரைக்கும் போவியா?"

அறிவழகன் கத்தினான், கையை ஆட்டினான், எழுந்து நடந்தான். குரல் துருவை உதிர்த்துவிட்டு வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை டெமோவுக்கு ஒதுக்கியது அரை மணி. நான்கு மாதம் பூட்டிக்கிடந்த பேச்சு அரை மணிக்குள் அடங்குமா? கிளையன்ட் கேட்டதற்கும் பதில் சொன்னான், கேட்காததற்கும் சொன்னான். ஸ்டோர்ஸில் இருப்பதாகக் காட்டி இல்லாமல் போகும் பேரிங்கைப் பற்றி அவனே எடுத்து வைத்தபோது, அந்தப் பக்கம் ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐம்பதாவது நிமிடம் ஹரிணி சாட்டில் 'போதும்' என்று தட்டினாள். அறுபதாவது நிமிடம் 'ப்ளீஸ்'. எழுபதாவது நிமிடம் கிளையன்டே நன்றி சொல்லிக் கையசைத்து வெளியேறினார்.

உடனே ஹரிணி அழைத்தாள். "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க அங்கயே இருங்க அறிவு. தயவுசெஞ்சு அங்கயே இருங்க. ஆபீஸ்ல உங்க பக்கத்து சீட்ல உக்கார யாருக்கும் தெம்பு இல்ல."

மாலை அகிலா வீடு திரும்பியபோது ஜன்னல்கள் திறந்திருந்தன, வீட்டில் ஆள் இல்லை. மூன்றாவது தெருத் திருப்பத்தில்தான் கிடைத்தான். ஒரு பக்கம் கலியன், மறு பக்கம் செல்லக்கிளி, நடுவே வியர்வையில் நனைந்த அறிவழகன். ஆறரைக்கு ஷிப்ட் முடிந்தால் நடந்தே தீர வேண்டும் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம்.

"என்னாச்சுங்க? சென்னையா, இங்கயா?" என்றாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இங்கதான்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலைல எழுந்தேன் பாரு..." என்று ஆரம்பித்தான்.

கலியனும் செல்லக்கிளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ வந்துட்டம்மா" என்றாள் செல்லக்கிளி, நடையை எட்டிப் போட்டபடி. "எங்க ஷிப்ட் முடிஞ்சிது."