கிழிந்து அலறும் பெட்டி

தேயிலைத் தொழிற்சாலையில் எடைபோடும் மாசிலாமணியிடம் கிட்டாருக்கான இரண்டு வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் இருந்தன. பெரியதை எவ்வளவு ஏற்றினாலும் கிட்டார் சுத்தமாக ஒலிக்கும். பாட்டுக்குப் பின்னணி வாசிக்க அது போதும். சின்னதை முழுக்கத் திருகினால் ஒலி கிழிந்து அலறும். தனி வாசிப்புக்கு அதை மிஞ்சப் பிரிஞ்சாங் ஊரிலேயே ஒன்று கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் மாரியம்மன் திருவிழா மேடையில் அந்தச் சின்னது அலறவில்லை, முனகியது.

"கிழியுதேன்னு நான்தான் உள்ளே போற சத்தத்தைக் குறைச்சு ரிப்பேர் பண்ணேன்லா," என்றார் தோட்டத்து வயர்மேன் சின்னையா, பெருமையாக.

மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டு கை வச்சீங்க? கிழியணும்னுதான்ணே அதை வச்சிருக்கேன்! பத்து வருசமா தொரை முன்னாடி கைகட்டி நிக்கிறேன். எனக்காகக் கத்துன ஒரே வாய் அது. அதையும் அடைச்சிட்டீங்களே!"