மூன்றாம் எண் இன்ஜின்

ஒரு மனிதரை நான் இன்ஜினால் அடித்திருக்கிறேன். மார்ச் மாதம், சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். இன்ஜின் என்றால் ஒரு சாண் நீள மாடல்தான்; நிஜ இன்ஜினில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆனால் உடம்பு முழுக்க வார்ப்பு உலோகம், எடை அரைக் கிலோ. அது ஒரு புருவத்தின் மேல் இறங்கும்போது என்ன சத்தம் வரும் என்பது எனக்குத் தெரியும். பச்சைத் தேங்காயைத் தரையில் வைத்த மாதிரி, அவ்வளவுதான். பெரிய சத்தம் இல்லை.

பழைய ரயில் விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். எத்தனை மணிக்கு எந்த சிக்னல், யார் எங்கே நின்றார், யார் எதைப் பார்த்தார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்த வரிசையில்தான் இதையும் சொல்ல வருகிறது.

இடம் சிகந்தராபாத்தில் மெட்டுகுடா. ரிட்டையரான ரயில்வே கார்டு ஒருவரின் வீட்டு மாடியில் ஒரு நீண்ட ஹால். அதன் மூன்று பக்கமும் சுவரை ஒட்டி மேஜை. மேஜை மேல் தண்டவாளம், ஸ்டேஷன், யார்டு, ஒரு சுரங்கம். சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். நான் பேகம்பேட்டில் ஆடிட் வேலை, வீடு திருமுல்கேரியில். திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்தவன். நான் அடித்தவர் இந்த ஊரிலேயே பிறந்த தமிழர், மூன்று தலைமுறையாக சிகந்தராபாத். வேலை லோகோ பைலட். நிஜமான இன்ஜின், நிஜமான எக்ஸ்பிரஸ். வாரம் முழுவதும் அதை ஓட்டிவிட்டு சனிக்கிழமை எங்களோடு பொம்மை ஓட்ட வருவார். என்னை 'பிரதர்' என்பார், நான் அவரை 'அண்ணே' என்பேன்.

எங்கள் மேஜையில் அவர் ஓட்டும் வண்டிதான் எல்லாவற்றிலும் மெதுவாகப் போகும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். வாரங்கல் பக்கம் ஒரு வளைவில் ஒருவர் தண்டவாளத்தின் நடுவில் வந்து நின்றதைச் சொன்னார். பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டும். இவர் ஹார்னை விடாமல் அடித்திருக்கிறார். அந்த ஆள் திரும்பிப் பார்த்திருக்கிறார், நகரவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி இன்ஜின் முகப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் இவரும் இவருடைய உதவியாளரும்தான். இதைச் சொன்ன கையோடு, சமோசா ஆறுகிறது என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

இனி எண்களைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சின்ன சில்லு, அதற்கு ஒரு எண். கையில் இருக்கும் கன்ட்ரோலரில் அந்த எண்ணை அழுத்திக் குமிழைத் திருப்பினால், அந்த எண்ணுள்ள இன்ஜின் மட்டும் ஓடும். புதிதாக வாங்கும் இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து மூன்று என்ற எண்ணோடு வரும். நாம்தான் அதை மாற்ற வேண்டும். எங்கள் கிளப்பில் யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பழைய ஷண்டிங் இன்ஜின் ஒன்று உண்டு, ஷண்டர் என்போம்; அதன் எண்ணை யாரும் மாற்றவே இல்லை, அது மூன்று. ஆகவே விதி: எண் மாற்றாத புது இன்ஜினை மேஜையில் வைக்கக் கூடாது. இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியவன் நான். யாருக்கு எந்த எண் என்று நோட்டுப் போட்டு எழுதி வந்தவனும் நான்.

அந்த சனிக்கிழமை என் ஜெர்மன் இன்ஜின் வந்திருந்தது. பதிவு செய்து இரண்டு வருடம் காத்திருந்து, கஸ்டம்ஸில் மூன்று வாரம் கிடந்து வந்தது. பெட்டியைப் பிரித்து எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். நான் அதை வாசல் பக்கத்துக் கிளைத் தண்டவாளத்தில் நிறுத்தி, முட்டி போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டப் போவதில்லை, நிற்கத்தானே போகிறது, எண்ணை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, அல்லது நினைக்கவே இல்லையா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அவர் என் பின்னால் வந்து நின்று, "இது ஓடுமா பிரதர், இல்ல கல்யாணப் பொண்ணு மாதிரி போட்டோவுக்கு மட்டுமா? கைக்கூ? எதுக்கு பயம்? குடுங்க, நான் ஓட்டிக் காட்டறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாரும் இதைத் தொட வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் கையைத் தூக்கி ஹவ், ஹவ் என்று இந்த ஊர் உருதுவில் ஒப்புக்கொண்டு, ஹாலின் மறுகோடியில் இருந்த யார்டுக்குப் போய்விட்டார்.

வாசலில் மேஜையின் ஒரு துண்டு கீல் வைத்தது. ஆள் நுழையும்போது அதைத் தூக்கிவிடுவோம்; அப்போது தண்டவாளம் அங்கே அறுந்து நிற்கும். வீட்டுக்காரர் டீ கொண்டுவந்தார், அதைத் தூக்கினோம். நான் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு ஒரு கப் எடுக்கத் திரும்பினேன். பின்னால் ஏதோ விழுந்தது.

மொசைக் தரையில், நாலடி உயரத்திலிருந்து. முன்பக்கம் நசுங்கி, ஒரு சக்கரம் கழன்று, பெட்டி கோக்கும் கொக்கி வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது, அவர் மறுகோடியில் கன்ட்ரோலரைப் பிடித்தபடி, பெருவிரல் குமிழின் மேல் இருக்க, சத்தம் கேட்டு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். வேறு யாரோடோ பேசிய சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

நான் ஹாலைக் கடந்தது எனக்கு நினைவில்லை. பதினெட்டு அடி, பின்னால் அளந்தேன். அடித்தது நினைவிருக்கிறது. கையில் இருந்ததாலேயே அடித்தேன், வெறும் கையாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கொக்கியின் பக்கம் முன்னால் வருமாறு இன்ஜினைக் கைக்குள் திருப்பிப் பிடித்தேன். அது தெளிவாக நினைவிருக்கிறது.

முதல் அடி புருவத்தில். கண்ணாடி உடைந்து விழுந்தது. அவர் இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோனார். அதற்குள் இரண்டாவதும் விழுந்துவிட்டது, இடது கண்ணின் மேல். மூன்றாவதற்கு முன் வீட்டுக்காரரும் இன்னொருவரும் என் கையை முறுக்கி என்னைச் சுவரோடு அழுத்தினார்கள். அவர் மேஜை மேல் சாய்ந்தார். யார்டில் நின்ற பெட்டிகள் மேலெல்லாம் ரத்தம் சொட்டியது. ஷண்டிங் இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, பாதை முடியும் கட்டையில் மோதி, சக்கரம் மட்டும் சுற்றியபடி.

அவரைக் காரில் கொண்டுபோனவர்கள் என்னை வர வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, அலமாரி மேலிருந்து இன்ஜின் முகத்தில் விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் மனைவியிடமும் அதையே சொன்னார். போலீஸ் கேஸ் வேண்டாம் என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம். விழித்திரையில் கிழிசல். ஏப்ரலில் அவருக்கு ரயில்வேயின் வழக்கமான மெடிக்கல் டெஸ்ட். பார்வை ஒரு படி குறைந்தாலும் இன்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள். இருபத்தாறு வருட ஓட்டம்.

அன்று சாயங்காலம் வீட்டில், உடைந்த இன்ஜினைச் சோதிக்கும் தண்டவாளத்தில் வைத்தேன். என் கோபம் அப்போதும் முழுதாகப் போயிருக்கவில்லை. அவர்தான் ஓட்டிவிட்டார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பழுது எவ்வளவு என்று பார்க்க, எண் என்ன என்று கருவியில் கேட்டேன். திரையில் மூன்று என்று வந்தது.

அவர் ஓட்டியது ஷண்டரை. என்னுடையதும் அதே எண்ணுக்குக் கட்டுப்பட்டு, யாரும் பார்க்காமல், தூக்கிவைத்திருந்த வாசல் இடைவெளியை நோக்கிக் கிளம்பியிருக்கிறது. கொக்கியில் ரத்தம் காய்ந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கண்ணில் கட்டு, வலது கன்னம் வரை வீக்கம். அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க என் வண்டிய ஓட்டல. நான்தான் அதுக்கு நம்பர் மாத்தல. மூணுலயே இருந்திருக்கு."

அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "ஷண்டரும் மூணு" என்றார்.

"ஆமாண்ணே."

"அப்ப நான் ஷண்டர எடுத்தப்போ ரெண்டும் சேந்து கெளம்பிருக்கு."

"ஆமாண்ணே. தெரியாம உங்கள அடிச்சிட்டேன்."

அவர் மனைவியின் கையில் ஆரஞ்சு அப்படியே நின்றது. அலமாரியிலிருந்து எதுவும் விழவில்லை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். எழுந்து, என்னைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"அடிச்சத விடுங்க பிரதர்" என்றார் அவர். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நீ ஓட்டினியான்னு. இல்லன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதானே."

நான் படித்த அறிக்கைகளில், இறந்துபோன டிரைவரைப் பற்றிக்கூட யாரையாவது கேட்காமல் முடிவு எழுதியதில்லை.

லேசர் வைத்தார்கள். நேர்ப்பார்வை நன்றாகத் திரும்பியது. இடப்பக்க ஓரப் பார்வைதான் சந்தேகம் என்றார்கள். மெடிக்கல் டெஸ்ட் இரண்டு நாள் நடந்தது. இரண்டாவது நாள் நான் ரயில்வே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன், யாரும் கூப்பிடவில்லை. வேப்பமரத்தடி பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். பதினொன்றரையிலிருந்து ஒன்றேகால் வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் ஒரு பைலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி வந்தார். பைலை மனைவியிடம் கொடுத்தார்.

"எறக்கிட்டாங்க" என்றார். "இனி ஆபீஸ்."

அவர் மனைவி அதைப் படிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, அந்தப் பைலாலேயே என் முகத்தில் அடித்தார். கனமான அட்டை; அதன் ஓரம் என் உதட்டைக் கிழித்தது. காகிதங்கள் பறந்தன. பைல் விழுந்ததும் கையால் அடித்தார், தலையில், தோளில், நெஞ்சில், மூச்சு வாங்க வாங்க, ஒரு வார்த்தையும் பேசாமல். நான் கையைத் தூக்கவில்லை. ஆட்கள் கூடினார்கள். யாரோ என்னைப் பிடித்துக்கொண்டு, இந்தம்மாவை என்ன செய்தாய் என்று தெலுங்கில் மிரட்டினார்.

சத்தம் வந்த திசைக்கு அண்ணன் நடந்துவந்து, துழாவி, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். "நக்கோ, வேணாம். போதும்" என்றார். கூட்டத்தைப் பார்த்து, வீட்டு விஷயம், போங்க என்று தெலுங்கில் சொன்னார்.

பறந்த காகிதங்களை நான் பொறுக்கினேன். என் உதட்டு ரத்தம் ஒன்றின் மேல் பட்டுவிட்டது. சட்டையில் துடைத்து, பக்க வரிசைப்படி அடுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"ஆட்டோ ஒண்ணு கூப்பிடுங்க பிரதர்" என்றார். "இந்த வெயில்ல கண்ணத் தெறக்க முடியல."

ரோட்டுக்கு ஓடினேன். முதல் இரண்டு ஆட்டோக்காரர்களும் என் வாயைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் போனார்கள். மூன்றாவதை நடுரோட்டில் நின்று கையை விரித்து மறித்தேன். பிரேக் கிறீச்சிட, என் முட்டியைத் தொட்டு நின்றது. டிரைவர் திட்டத் தொடங்கினார். பின்சீட்டில் ஒரு கையை வைத்து அது நகராமல் பிடித்துக்கொண்டு, அவர்கள் இருவரும் வந்து ஏறும்வரை நின்றேன்.