புள்ளி வைத்த முட்டைகள்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. கடையில் பால் வாங்கும்போது தேதியைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்ப்பேன். மொன்றியலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அந்த வருடங்களில் இந்தப் புத்திதான் எனக்குச் சோறு போடப்போகிறது என்று நம்பினேன். எங்கள் வேலையே சந்தேகப்படுவதுதான். வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத வெளியில், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளை யார் தின்கிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள் என்று அளக்க வேண்டும்.

நிஜக் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பறவை பறந்துவிடும். அதனால் பொய்க் கூடு வைப்போம். குழந்தைகள் பொம்மை செய்யும் மெழுகுக் களியை முட்டை மாதிரி உருட்டிப் பாசிக்குள் வைத்துவிட்டால் போதும். நரி கடித்தால் பல் பதியும், பறவை கொத்தினால் அலகு பதியும்.

முட்டைகளை உருட்டியது இரண்டு பேர். நானும், என்னோடு அதே ஆய்வகத்தில் படித்த கியூபெக்காரி ஒருத்தியும். அவள் தன் வீட்டில் உருட்டினாள். நான் மொன்றியலின் வில்லரே பகுதியில், மாடி வீட்டுச் சமையலறையில் உருட்டினேன். யாருடையது எது என்று தெரிவதற்காக என்னுடையவற்றின் அடியில் பல்குச்சியால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தக் கோடையில் என் விசா காகிதம் நேரத்துக்கு வரவில்லை. பேராசிரியரோடு அவள் மட்டும் போனாள். நான் மெட்ரோவில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கோடை முடிவில் முட்டைப் பெட்டி திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன். புள்ளி வைத்த முட்டைகள் அநேகமாக எல்லாமே நரி கடித்துக் குதறியவை. அவளுடையவற்றில் அங்கொன்று இங்கொன்றுதான் பல். ஒரே வெளி, ஒரே நரிகள். எப்படி?

அடுத்த கோடைக்குச் சின்ன விமானத்தில் மாணவர்களுக்கு ஒரே ஓர் இடம்தான் என்று பேராசிரியர் முன்பே சொல்லியிருந்தார். அந்த நிலத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காமலே அதைப் பற்றி ஆய்வேடு எழுதப்போகிறேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஆகவே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் முட்டைகளை நரி வளைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். கணக்கைக் கெடுத்து என் வேலையை மட்டம் தட்டத்தான் இந்த ஏற்பாடு.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். நான் உள்ளே வந்தால் தொலைபேசியில் அவள் குரல் தாழ்ந்தது. எனக்கு எட்டாத வேகத்தில் பிரெஞ்சு பேசினாள். முன்பெல்லாம் என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து இன்றைக்கு என்ன என்று கேட்பவள், இப்போது கேட்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை சமையலறைக்குப் போனேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வடக்கே அனுப்பாமல் மிஞ்சிய முட்டைகளை, என்னுடையவை அவளுடையவை இரண்டையும், ஒரே தட்டில் அடுப்புப் பக்கம் வைத்திருந்தேன். புள்ளி வைத்தவை கொறிக்கப்பட்டிருந்தன. அவளுடையவை வைத்தது வைத்தபடி இருந்தன.

எனக்கு அப்போது எலி மட்டும்தான் மண்டையில் ஏறியது. அலமாரிக்குப் பின்னால் பிராண்டும் சத்தம் கேட்கிறது என்று எத்தனை முறை சொல்லியும் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டதில்லை. கீழ்வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அவர். ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அண்ணா, இங்க பாருங்க. எலிப் பல்லு."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி எண்டு ஆர் சொன்னது? இந்த வீட்டில எலி இல்லைப் பிள்ளை. நீர்தான் கடிச்சுப்போட்டுக் கொண்டுவந்து காட்டுறீரோ தெரியேல்லை."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேலை மெனக்கெட்டு நான் ஏன் களிமுட்டையைக் கடிக்க வேண்டும்? அப்படி என்ன ருசி இதில் என்று படியேறும்போதே மூக்கருகில் கொண்டுபோனேன். நல்லெண்ணெய் வாசனை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். களி கையில் ஒட்டும். கொழுக்கட்டைக்கு உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக்கொள்வதுபோல, ஒவ்வொரு முட்டைக்கும் என் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. நரிகள் வந்தது அதற்குத்தான். ஒரு கோடை முழுக்க நாங்கள் அளந்தது பறவைகளுக்கு இருக்கும் ஆபத்தை அல்ல, என் அடுக்களை வாசனையை. வெட்கமாக இருந்தது. அவள்மேல் தப்பில்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போவதற்கு முன்னால் அவளிடம் முட்டையை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மோந்து பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் என்ன நினைத்தாய்?" என்று கேட்டாள்.

"நீ நரி வளைக்குப் பக்கத்தில் வைத்தாய் என்று."

அவள் முகம் சிவந்தது. முட்டையை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"நரி வரட்டும் என்று நீ எதையோ தடவியிருக்கிறாய் என்று நினைத்தேன்" என்றாள். "ஊர் திரும்பிய வாரமே பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த கோடைக்கும் என்னையே வரச் சொல்லியிருக்கிறார்."

சண்டை போட வாயைத் திறந்தேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.