சீயக்காய் தேய்த்துக் குளித்த விமானம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃபிளாட்டில் யாரோ சீயக்காய் கரைத்திருக்கிறார்கள். வாசனை வராந்தாவைத் தாண்டி எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சீயக்காய் என்றால் தீபாவளி ஞாபகம் வரும், கண் எரிந்து அழுதது ஞாபகம் வரும். எனக்கு ஏரோப்ளேன் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

கல்லூரி முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, கடலில் மூழ்கிக் கிடந்த விமானத்தைக் காப்பாற்றுவது. இப்படிச் சொன்னால் நான் ஏதோ முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தவள் போலத் தோன்றும். எனக்கு நீச்சலே தெரியாது. காலடிப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு சிமெண்டுத் தொட்டியின் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் கொருக்குப்பேட்டையில் எங்கள் அம்மா சும்மா இருப்பாளா? "எம் பொண்ணுக்கு ஏரோப்ளேன் கம்பெனில வேலை" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்து, பெண் பார்க்க வந்தவர்கள் நகையோடு நிறுத்தாமல் விமான டிக்கெட்டும் சும்மா கிடைக்குமா என்று விசாரிக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

விமானம் என்றேனே, முழு விமானம் இல்லை. ஓர் என்ஜின், அதன் மூக்கில் வளைந்துபோன காத்தாடி, இறக்கையில் ஒரு துண்டு. எண்ணூருக்கு நேரே ஆழ்கடலில் ஒரு லாஞ்சுக்காரரின் வலையில் மாட்டியது. வலை கிழிந்த ஆத்திரத்தில் அவர் அதை இழுத்துக்கொண்டு வந்து ராயபுரத்தில் காயலான் கடைக்குப் போட்டுவிடப் பார்த்தார். கடைக்கார பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்த நான் ஒடைக்க மாட்டேன் மாமு. யுத்தத்துல வுழுந்தது. உள்ள எவன் உசுரு போச்சோ" என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். பிறகு துறைமுகத் தண்ணீரிலேயே கிடந்து, எப்படியெப்படியோ கைமாறி, பழைய விமானங்களைச் சேகரிக்கிற ஓர் அறக்கட்டளையிடம் வந்தது. எந்த நாட்டு விமானம் என்று பெரியவர்கள் எல்லாம் போனில் சண்டை போட்டார்கள். எனக்கென்னவோ அது உப்பில் ஊறின அலுமினியம்.

அதில் ஒரு சங்கதி உண்டு. கடலுக்கடியில் அத்தனை வருஷம் கிடந்த அலுமினியம், கடலில் இருக்கிறவரை ஒழுங்காக இருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் உள்ளே ஊறியிருக்கிற உப்பு பொரிந்து, உலோகம் அப்பளமாக உதிர்ந்துவிடும். அதனால் நல்ல தண்ணீரில் போட்டுவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, மாதக்கணக்கில் உப்பை இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு லாரி நல்ல தண்ணீர். திருவொற்றியூர்ப் பக்கம், கோடையில், நல்ல தண்ணீர்! இந்த யோசனையைச் சொன்னவர் ஒரு தடவையாவது எங்கள் பக்கத்தில் குடம் தூக்கியிருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே கைப்பம்பில் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் லாரி எப்போது வருமோ அப்போதுதான். எங்கள் லாரி வந்த முதல் நாளே பாக்கியம் அக்கா நடுரோட்டில் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சந்தின் தண்ணீர் வரிசைக்கு அவர்தான் போலீஸ், ஜட்ஜ் எல்லாம். காசிமேட்டில் மீன் விற்கிற குரல்.

"இன்னாம்மா, செத்த ஏரோப்ளேனுக்கு லாரி லாரியா நல்ல தண்ணி ஊத்திகினு கீற. உசுரோட கீற நாங்க உப்புத்தண்ணி குடிக்கணுமா?"

நியாயம்தானே? கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கின நான், அவருடைய குடத்தை வாங்கி லாரிக் குழாயில் பிடித்தேன். கடைசியில் ஓர் உடன்பாடு ஆனது. லாரித் தண்ணீரில் முதலில் சந்துக்குக் குடம் குடமாக, மிச்சம்தான் தொட்டிக்கு. மேலிடத்துக்கு நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து சந்தில் எனக்கு 'உப்பு டீச்சர்' என்று பெயர். பாக்கியம் அக்கா தினமும் டீ கொடுத்தனுப்புவார். அவருடைய தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாததை அப்படி ஒரு டீ வேளையில்தான் சொன்னார். உடம்பு கரை ஒதுங்கவே இல்லை. "தலைக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அனுப்பலியே" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரல் மீன் விற்கிற குரலாக இல்லை.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள். பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, லாரிக்காகக் காத்திருக்கிறோம். எப்போதும் அப்படித்தான், காலி செய்துவைத்தால்தான் வந்த லாரி நிற்காமல் ஊற்றிவிட்டுப் போகும். அன்றைக்குப் பார்த்து எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே லாரியின் அச்சு முறிந்துவிட்டது. "இன்னிக்கு வராதும்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்று டிரைவர் போனை வைத்துவிட்டார். தகரக் கூரை அடுப்பாகக் கொதிக்கிறது. கோணிப்பை நனைத்துப் போட்டேன், அது கண் முன்னாலேயே காய்ந்தது. என்ஜினின் மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் அத்தனை மாத வேலையும் தூளாகிவிடும். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்துக்கு ஓடினேன்.

பாக்கியம் அக்கா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அந்தச் சந்தில் அன்றைக்கு இருந்ததே ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு குடம். அதைப் போய்க் கேட்கிறேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அத்த ஓட்டிகினு வந்த புள்ள இன்னா ஆச்சு?"

"தெரியலக்கா. ஒடம்பு கெடைக்கவே இல்ல."

"யாரு பெத்த புள்ளையோ" என்றார். உள்ளே போய் ஒரு குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு நடந்தார். போகிற வழியில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "கடல்ல போன புள்ளைக்கு ஒரு கொடம் எடுத்தாங்கடி" என்று ஒரே சத்தம். வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே சிலர், குழந்தையை இடுப்பில் ஒரு பக்கமும் குடத்தை மறுபக்கமுமாகச் சிலர். தொட்டியில் இறங்கிக் காத்தாடியின் தலையிலிருந்து மெதுவாக, முகத்தில் அடிக்காமல் ஊற்றுகிற மாதிரி ஊற்றினார்கள். சந்தின் கோடி வீட்டு நூர்ஜஹான் அக்கா, "எங்க வூட்ல செத்தவங்கள எலந்த எல போட்டுதான் குளிப்பாட்டுவோம், பறிச்சாரட்டா?" என்றார். "ஐயோ, வேணாம்க்கா, இதுல எதுவுமே போடக் கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என்ஜின் முழுகவில்லை. ஆனால் ஊற்றின தண்ணீரையே அள்ளி அள்ளி மேலே விட்டு, முறை வைத்துக்கொண்டு வெயில் தாழும்வரை நனைத்தார்கள். சந்தில் அன்று எத்தனை வீட்டில் உலை வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் மேலாளர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தவர் அலறிவிட்டார். தண்ணீர் பழுப்பாக இருந்தது, மேலே நுரை. "போச்சு, உள்ளேயிருந்து அரிச்சிடுச்சு!" என்றவர் விரலை விட்டு முகர்ந்தார். திரும்ப முகர்ந்தார். "ஏம்மா, இது சீயக்காய்தானே?"

நான் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து பாக்கியம் அக்கா எண்ணெயும் சீயக்காயும் வைத்திருக்கிறார். பிணத்தை எடுக்கிறதுக்கு முன்னால் அதன் தலையில் உறவுக்காரர்கள் வைப்பார்களே, அப்படி. ஆளில்லாததால் என்ஜின் தலையில். மேலாளர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அப்புறம், "நல்லது, பொடுகு வராது" என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போன் போட்டார்.

மழைக்காலம் முடிந்து உப்பு ஒருவழியாக இறங்கியது. என்ஜினைப் பதமாகக் காயவைத்து, மெழுகு பூசி, மரப்பெட்டியில் அடைத்து வடக்கே ஓர் அருங்காட்சியகத்துக்கு ஏற்றினோம். சந்து முழுக்க வந்து நின்றது.

"எடுக்கறீங்களா?" என்றார் பாக்கியம் அக்கா.

"ஆமாக்கா. மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெப்பாங்க. நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்."

"குளிப்பாட்டினவன யாருனா கண்ணாடில வெப்பாங்களா? சரி, எங்கனா போட்டும். எடுத்தா போதும்."

லாரி திரும்பினதும் அவர் நிற்கவில்லை. பிணம் எடுத்த வீட்டைக் கழுவுகிற மாதிரி, குடம் குடமாகக் கொண்டுவந்து கொட்டகையையும் வாசலையும் சந்து முனைவரைக்கும் கழுவிவிட்டார். வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலோடு என்னிடம் வந்தார். "இன்னிக்குதாம்மா என் தம்பிய எடுத்தோம்" என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை, பசிக்குது என்றார். இரண்டு பேரும் போய் இட்லி சாப்பிட்டோம்.

அந்த என்ஜின் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறதாம். குளிர்சாதன அறை, மேலே விளக்கு. கொட்டகை இல்லை, கைப்பம்பு இல்லை. அந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சந்து ஜனங்களுக்கு ஊரின் இன்னொரு கோடியில், கடல் கண்ணில் படாத தூரத்தில், அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். காலி செய்த அன்று தகவல் தெரிந்து நான் ஓடினேன். கட்டில், பீரோ, குடங்களோடு பாக்கியம் அக்கா லாரியின் மேலே உட்கார்ந்திருந்தார். கையை ஆட்டினார், என்னமோ சொன்னார், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒவ்வொரு லாரியாக நகர்ந்து, கடைசி வண்டியும் போனது. கழுவிவிட யாரும் மிச்சமில்லை. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள், வாசல்களும் இல்லை.